உள்ளே எழுதினால் உள்ளேயே இருக்குமா?

பி.காம் படிக்கிறவனுக்கு லிஸ்ப் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆட்டோகேடில் பிளான் போடுகிற கடைகள் நம்ம ஊரில் இருக்கும்வரை லிஸ்ப் சாகாது. 1986-லிருந்து அதற்குள் இருக்கும் ஆட்டோலிஸ்ப், லிஸ்பின் வாரிசுதான்.

வாழவந்தியில் ஒரு காப்பித் தோட்டத்தைப் பாகம் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பில் சதுர அடியை ஏக்கராக்க 'மாற்று' என்று ஒரு ஃபங்ஷன். 43,560-ஆல் வகுக்கும். வேறொரு பெரிய ஃபங்ஷனுக்குள்ளே, அதன் சொந்த உபயோகத்துக்கு, சென்ட் ஆக்க இன்னொரு 'மாற்று'. 435.6-ஆல் வகுக்கும். உள்ளேதானே எழுதினோம் என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் ஆட்டோலிஸ்பில் உள்ளே எழுதிய டிஃபனும் சாதாரணமாகப் பொதுப்பெயர்தான். பெரியது ஒருமுறை ஓடியதும் பழைய 'மாற்று' போச்சு. அதன்பிறகு 2 ஏக்கர் 200 என்று வரும். எர்ரர் எதுவும் வராது. பாகப்பிரிவினையில் இது சின்ன விஷயமா?

ஆர்க்யுமெண்ட் வரிசையில் சாய்கோடு போட்டு அந்தப் பெயரை லோக்கல் ஆக்கலாமே என்பீர்கள். ஆக்கலாம். ஆனால் அது பாதி மருந்து. அந்த ஃபங்ஷன் ஓடி முடியும்வரை, நடுவில் அது கூப்பிடுகிற எல்லோருக்கும் புது 'மாற்று'தான் தெரியும்.

காமன் லிஸ்பிலும் டிஃபனுக்குள் டிஃபன் வைத்தால் பொதுப்பெயர்தான். ஆனால் அங்கே ஃப்ளெட், லேபிள்ஸ் என்று சரியான வழி உண்டு. 1975-ல் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீமில் பெயரின் எல்லை, அதை எழுதிய இடத்தோடு நிற்கும். கம்பைலர் முதலில் உள் ஃபங்ஷன் வெளியிலிருந்து எந்தெந்தப் பெயர்களை எடுக்கிறது என்று பார்க்கும். அது வெளியே போகாதென்றால் அவற்றைக் கூடுதல் ஆர்க்யுமெண்டாகக் கொடுத்துவிடலாம். மதிப்பாக வெளியே போனால், கோடையும் அந்த மதிப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும். இதுதான் குளோஷர்.

இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும் என்ற வாதம் பழசு. 1978-லேயே ஸ்டீல் தன் 'ராபிட்' கம்பைலரில் இதைத் திறமையாகச் செய்யலாம் என்று காட்டிவிட்டார். அப்படியும் ஈமாக்ஸ் லிஸ்புக்கு இந்த வசதி வர 2012 ஆனது.

என் கட்சி இதுதான். கிளையின் சில்லறைச் செலவு தலைமை அலுவலகப் பேரேட்டை அழிக்கக்கூடாது. அதைத் தடுப்பது கணக்குப்பிள்ளையின் ஞாபகசக்தி அல்ல, கணக்கு முறை. நிரலிலும் அப்படியே. அதுவரை, ஆட்டோலிஸ்ப் சொல்லித்தருகிறவர்கள் தயவுசெய்து முதல் வகுப்பிலேயே அந்தச் சாய்கோட்டைச் சொல்லிவிடுங்கள்.