எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

வீட்டில் காதணி விழா நடந்தது. உறவினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதது. அதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தார்கள். மறுநாள் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தான் மூத்த மகன்.

"இடம் இல்லை" என்றது கம்ப்யூட்டர்!

அப்பாவுக்கு ஆச்சரியம். "போன வாரம்தானே சினிமாக்களை எல்லாம் அழித்தாய்? அந்த இடம் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

"அழித்தேன், அப்பா. ஆனாலும் இடம் வரவில்லை" என்றான் மகன்.

கடைக்காரரை அழைத்தார்கள். அவர் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "பார்மட் போட்டுவிடலாம், சார். புதுசு மாதிரி ஆகிவிடும்" என்றார்.

அம்மாவுக்குத் திக்கென்றது. "அதில் பாட்டி படம் இருக்கிறதே!" என்றார். பாட்டி இப்போது உயிரோடு இல்லை. படம்தான் இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கம்ப்யூட்டர் இருக்கும் பல வீடுகளிலும் நடக்கிற கதை. இப்படிப்பட்ட நேரத்தில் "பார்மட்" போடச் சொல்லுவது சரியா? சரி அல்ல. எலி புகுந்துவிட்டது என்று வீட்டையே கொளுத்துவது போன்ற வேலை அது.

"பார்மட்" என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் என்று ஒன்று உண்டு. அதுதான் அதன் களஞ்சியம். நெல்லை மரக்காலால் அளப்பது போல, டிஸ்கில் உள்ள இடத்தை "ஜி.பி." என்ற கணக்கில் அளக்கிறார்கள். படம், பாட்டு, பாடம், கடிதம் எல்லாம் அந்தக் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன.

"பார்மட்" போடுவது என்றால், களஞ்சியத்தைத் துடைத்துக் காலி செய்வது. நெல்லும் போய்விடும்; பதரும் போய்விடும். போனதைச் சில சமயம் மீட்கலாம். பல சமயம் மீட்க முடியாது. மீட்க முடிந்தாலும் செலவு அதிகம்.

வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டால், "பார்மட்" தேவைப்படலாம். அதைக் கடைசி மருந்தாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இடம் போதவில்லை என்பதற்கு அது முதல் மருந்து அல்ல. முதலில் செய்ய வேண்டியது, இடத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

14 பேருக்கு ஒரு டிஸ்க்

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல. பெரிய பேராசிரியர்களையே இது ஆட்டி வைத்தது.

1990-ம் ஆண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகம். அங்கே பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு டிஸ்க் இருந்தது. அதன் அளவு 80 எம்.பி. ஆயிரம் எம்.பி. சேர்ந்தால்தான் ஒரு ஜி.பி.! இன்றைய செல்போன் படங்களை ஏற்றினால், 20 படங்களிலேயே அந்த டிஸ்க் நிரம்பிவிடலாம். அதை 14 பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

டிஸ்க் நிரம்பியது. யார் எவ்வளவு இடத்தை வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பேராசிரியர் யோசித்தார். ஒரு வழி கண்டுபிடித்தார்.

டிஸ்க் முழுவதையும் ஒரு பெரிய கட்டமாக வரைந்தார். வயலை வரப்பு கட்டிப் பிரிப்பது போல, அதைச் சிறு கட்டங்களாகப் பிரித்தார். பெரிய பைலுக்குப் பெரிய கட்டம். சிறிய பைலுக்குச் சிறிய கட்டம். பார்த்த மாத்திரத்தில், எது இடத்தை அடைக்கிறது என்று தெரிந்துவிட்டது!

இதற்கு "டிரீமேப்" என்று பெயர். இதே முறையில் "விண்டிர்ஸ்டாட்" என்ற மென்பொருள் 2003-ம் ஆண்டில் வந்தது. இன்றும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டிஸ்க் நிரம்பியதும் பேராசிரியர் அதைத் துடைத்துப்போடவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

யார் பிடித்த இடம்?

காதணி விழா நடந்த வீட்டிலும் அப்படியே கணக்குப் பார்த்தார்கள். டிஸ்க் 128 ஜி.பி. என்று சொல்லி வாங்கியது. ஆனால், கம்ப்யூட்டர் 119 என்றுதான் காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள், 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார்கள். விண்டோஸோ, 107 கோடிக்கும் மேற்பட்ட பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. மரக்கால் பெரிதானால் எண்ணிக்கை குறையும் அல்லவா? அவ்வளவுதான். நெல் குறையவில்லை.

அந்த 119 ஜி.பி. எப்படி நிரம்பியது?

குடும்பப் படங்கள், பாட்டு, பாடம் எல்லாம் சேர்ந்து 45. விண்டோசும் மற்ற மென்பொருள்களும் 38. ஆக 83. மீதி 36 எங்கே?

மகன் அழித்த சினிமாக்கள் 6 ஜி.பி. அவை "ரீசைக்கிள் பின்" என்ற குப்பைத் தொட்டியில் கிடந்தன. வீட்டைப் பெருக்கி, குப்பையைக் கூடத்து மூலையில் குவித்து வைத்தது போல! தொட்டியைக் கொட்டினால்தான் இடம் கிடைக்கும்.

அடுத்தது பெரிய ஆள். 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் பல வீடுகளில் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். இந்த வீட்டிலும் முந்தின வாரம்தான் மாறினார்கள். புதியது வந்த பிறகும் பழையது போகவில்லை. "விண்டோஸ்.ஓல்டு" என்ற பெயரில் 20 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புதுக் குடித்தனம் வந்த பிறகும், பழைய குடித்தனக்காரர் ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பது போல!

அது வீணுக்கு இருப்பது அல்ல. புதியது பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்புவதற்காக வைத்திருப்பது. வழக்கமாக 10 நாட்களில் அதுவே போய்விடும்.

பாக்கி 10 ஜி.பி.? அவை கண்ணுக்குத் தெரியாத பைல்கள். கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கும்போது, செய்துகொண்டிருந்த வேலையைக் குறித்து வைக்க ஒரு பைல். நினைவகம் போதாதபோது கைகொடுக்க ஒரு பைல். கோளாறு வந்தால் முந்திய நிலைக்குத் திரும்ப, அவ்வப்போது எடுத்து வைக்கும் பிரதிகள். இவை வேண்டியவை. கையால் அழிக்கக் கூடாது.

ஆக, திருடன் யாரும் வரவில்லை. 26 ஜி.பி. இடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது!

மூல காரணம் எது?

அழிக்க அழிக்க மறுபடியும் நிரம்புகிறது என்று சிலர் சொல்லுவார்கள். அதுவும் உண்டு. ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் 7-ல் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது.

புதிய மாற்றங்களை ஏற்றும்போதெல்லாம் விண்டோஸ் ஒரு நாட்குறிப்பு எழுதி வைக்கும். அது பெருத்துவிட்டால் சுருக்கி வைக்கும். சில கம்ப்யூட்டர்களில் அந்தக் குறிப்பு 2 ஜி.பி.க்கு மேல் வளர்ந்துவிட்டது. சுருக்கப் பார்த்தது, முடியவில்லை. பாதியில் நின்ற பைலை, தற்காலிகப் பைல்களுக்கான இடத்தில் போட்டுவிட்டது. மறுபடியும் முயன்றது, மறுபடியும் ஒரு பைல். ஒவ்வொன்றும் சுமார் 100 எம்.பி.! நாளடைவில் டிஸ்கே நிரம்பிப் போயிற்று.

அந்தப் பைல்களை மட்டும் அழித்தவர்களுக்கு மறுபடியும் தொல்லை வந்தது. பெருத்துப்போன நாட்குறிப்பையும் அழித்தவர்களுக்குத் தொல்லை தீர்ந்தது. திறந்து கிடக்கும் குழாயை மூடாமல், தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் காயுமா?

செய்ய வேண்டியது என்ன?

விண்டோஸ் 11-ல் "செட்டிங்ஸ்" என்பதைத் திறக்க வேண்டும். அதில் "சிஸ்டம்". அதற்குள் "ஸ்டோரேஜ்". எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். அதில் "டெம்பரரி பைல்ஸ்" என்பதைத் தொட்டால், நீக்கக் கூடியவற்றின் பட்டியல் வரும். பழைய விண்டோசும் குப்பைத் தொட்டியும் அதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒன்று இருக்கும். அதற்கு எதிரே குறி போட்டு நீக்கினால், இணையத்திலிருந்து இறக்கி வைத்த பைல்கள் எல்லாம் போய்விடும். மகளின் ஹால் டிக்கெட்டும் அதில் இருக்கலாம்! படித்துப் பார்த்துத்தான் குறி போட வேண்டும். பழைய விண்டோசை நீக்கினால், பிறகு அதற்குத் திரும்ப முடியாது. அதையும் யோசித்துச் செய்ய வேண்டும்.

பெயர் தெரியாத பைல் என்றால் தொடக் கூடாது. "நொடியில் சுத்தம் செய்கிறோம்" என்று திரையில் வந்து விழும் விளம்பரங்களையும் நம்பக் கூடாது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் கடையில் பழுதான கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தேட அவருக்கு நேரம் ஏது? "சாயங்காலத்துக்குள் வேண்டும்" என்று அவசரப்படுத்துவதும் வாடிக்கைக்காரர்தானே? ஆனால், "படங்களுக்குப் பிரதி எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு நேரம் ஆகாது. அதைக் கேட்காமல் "பார்மட்" போடும் கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இடம் இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. "பழைய விண்டோஸ் 20 ஜி.பி. வைத்திருக்கிறது. நீக்கட்டுமா?" என்று அதே இடத்தில், எளிய தமிழில் கேட்டால் என்ன? பொருளை விற்கத் தெரிந்தவர்களுக்கு விவரம் சொல்லவும் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கும் தெரியட்டும்

அரிசிப் பானையில் எத்தனை படி இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லுவார். கம்ப்யூட்டர் மட்டும் மகனுக்கும் கடைக்காரருக்கும் உரியது என்று ஒதுங்கி இருப்பது ஏன்? தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. அதனால், அதுவரை கம்ப்யூட்டரைப் பார்க்காத வீடுகளுக்குள்ளும் அது வந்தது. வந்த பொருளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். குப்பைத் தொட்டியைக் கொட்டலாம். ஒரே படம் நாலு இடத்தில் இருந்தால் மூன்றை நீக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த "காலை வணக்கம்" படங்களுக்கு விடை கொடுக்கலாம். முக்கியமான படங்களைத் தனியாக ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, பீரோவில் வைக்கலாம். டிஸ்க் என்றைக்காவது பழுதாகும் பொருள்தான். ஒரே இடத்தில் இருக்கும் படம், இன்று இருக்கும். நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த வீட்டில் "பார்மட்" போடவில்லை. முதலில் படங்களுக்குப் பிரதி எடுத்தார்கள். பிறகு குப்பைத் தொட்டியைக் கொட்டினார்கள். பழைய விண்டோசை நீக்கினார்கள். காதணி விழாப் படங்கள் எல்லாம் ஏறின.

பாட்டி படமும் பத்திரமாக இருக்கிறது. இப்போது இரண்டு இடத்தில்!