மந்திரி பதவி கிடைச்சது, கட்சி காணாமப் போச்சு: தென் ஆற்காடு பார்த்த கூட்டணி அமைச்சரவை

'ஆட்சியில் பங்கு' என்ற வார்த்தை மயிலம், திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் யாருக்கும் புதுசு இல்லை. 2021 தேர்தலில் பாமக ஜெயித்த 5 தொகுதிகளில் மயிலமும் ஒன்று. விழுப்புரம் எம்பி விசிக. 2024 அக்டோபர் 27-ல் விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை நடத்தி, கூட்டணிக்கு வருபவர்களுக்கு அதிகாரத்தில் பங்கு உண்டு என்று அறிவித்ததும் இதே மாவட்டத்தின் வி.சாலையில்தான்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டிவி விவாதத்தில் ஒருவர் தவறாமல் சொல்வது: "தமிழ்நாட்டில் கூட்டணி ஆட்சி நடந்ததே இல்லையே." கொஞ்சம் பின்னால் போனால் அது முழு உண்மை இல்லை என்று தெரியும். நடந்திருக்கிறது. அதில் இந்த ஊர்க்காரர்களின் ஓட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

1952-ல் என்ன நடந்தது?

அப்போது இது சென்னை மாகாணம். ஆந்திரா, மலபார் எல்லாம் சேர்ந்து சட்டசபையில் 375 இடங்கள். முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62. மெஜாரிட்டிக்கு காங்கிரஸ் ரொம்ப தூரத்தில் நின்றது.

இங்கேதான் வடதமிழ்நாடு உள்ளே வருகிறது. வன்னியர் சங்க அமைப்புகளிலிருந்து கிளம்பிய இரண்டு கட்சிகள் அந்தத் தேர்தலில் நின்றன. வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கம் எம்.ஏ.மாணிக்கவேல் நாயகரின் காமன்வீல் கட்சி: 6 இடம். தென் ஆற்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி: 19 இடம். மொத்தம் 25 எம்எல்ஏக்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டம் அன்றைக்கு தென் ஆற்காட்டுக்குள் இருந்தது.

முதல்வராக வந்த ராஜாஜி தேர்தலிலேயே நிற்கவில்லை, மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்தவர். 1952 ஏப்ரல் 10-ல் பதவியேற்ற அவரது அமைச்சரவையில் மாணிக்கவேல் நாயகருக்கு இடம் கிடைத்தது. துறை, நிலவருவாய். விவசாயத்தை நம்பி வாழும் சமூகத்தின் தலைவருக்குப் பட்டா, நிலவரி சம்பந்தப்பட்ட துறை. பேருக்குக் கொடுத்த பதவி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 19 பேரை வைத்திருந்த படையாட்சியார் அப்போது அமைச்சரவைக்கு வெளியே இருந்தார்.

அவருடைய முறை 1954-ல் வந்தது. ராஜாஜி விலகி, ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். அமைச்சரவையில் மொத்தமே 8 பேர். இன்றைக்கு இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்! அந்த எட்டில் தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் வைத்துக்கொண்டார். நாயகர் தொடர்ந்தார். கூடவே படையாட்சியார், உள்ளாட்சித் துறையோடு. எட்டில் இரண்டு, அதாவது கால்வாசி.

கணக்கு மட்டும் பார்த்தால் சூப்பர் டீல். ஆனால் அதற்கான விலை கட்சியாக இருந்தது. காமன்வீல், உழைப்பாளர் இரண்டும் கலைக்கப்பட்டு காங்கிரஸில் கரைந்தன. அடுத்த தேர்தலில் 'எங்களுக்கு இத்தனை சீட்' என்று வெளியிலிருந்து பேரம் பேச ஆள் இல்லை. கேட்பதாக இருந்தால் காங்கிரஸுக்குள் வரிசையில் நின்றுதான் கேட்கணும்.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. உழைப்பாளர் கட்சி எம்எல்ஏவாக இருந்த விழுப்புரம் வட்டாரத்து ஏ.கோவிந்தசாமி காங்கிரஸ் பக்கம் போகாமல், பிறகு திமுகவில் சேர்ந்தார். 1967-ல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சர் ஆனார். படையாட்சியார் 1980-களில் திண்டிவனம் எம்பியாக இருந்தார், காங்கிரஸ் சின்னத்தில்.

அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?

1967-லிருந்து 2021 வரை திமுக, அதிமுக இரண்டுமே கூட்டணி வைத்து ஓட்டு வாங்கின, அமைச்சரவையை மட்டும் தனியாக வைத்துக்கொண்டன. பெரும்பாலும் தனி மெஜாரிட்டி இருந்ததால் கேள்வி எழவில்லை. விதிவிலக்கு 2006. திமுகவுக்கு 234-ல் 96 மட்டுமே. காங்கிரஸ் 34, பாமக 18, இடதுசாரிகள் 15. ஆதரவு கொடுத்த யாரும் அமைச்சரவையில் இல்லை. அதே நேரத்தில் டெல்லியில் பாமகவின் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சர். டெல்லியில் நடக்கிற விஷயம் கோட்டையில் நடக்காது என்பது ஒரு எழுதப்படாத ரூல் மாதிரியே ஆகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 164-வது பிரிவுப்படி முதல்வர் சொல்பவர்களை ஆளுநர் அமைச்சராக நியமிக்கிறார். யாருக்கு எந்தத் துறை என்பது நடைமுறையில் முதல்வர் கையில். 2003-ல் வந்த 91-வது திருத்தத்துக்குப் பிறகு, சட்டசபை பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு அது முதல்வரையும் சேர்த்து 35. கூட்டணிக் கட்சிகளுக்குள் போடும் ஒப்பந்தத்துக்கு இதில் எங்கேயும் இடம் இல்லை. எழுதிக் கொடுத்ததை முதல்வர் மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஆதரவை வாபஸ் வாங்கலாம். அவ்வளவுதான். அந்த மிரட்டலுக்கும் கட்சி தனியாக உயிரோடு இருக்கணும்.

பக்கத்து ஊர் எப்படி?

மயிலத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. யூனியன் பிரதேசம் என்பதால் விதிகள் கொஞ்சம் வேறு, ஆனால் அரசியல் அதேதான். 2021-ல் என்.ஆர்.காங்கிரஸ் 10, பாஜக 6. ரங்கசாமி மே 7-ல் தனியாகப் பதவியேற்றார். மற்ற 5 அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27. ஏறத்தாழ 50 நாள்! நடுவில் முதல்வருக்குக் கொரோனா வந்தது உண்மை. அதைவிட அதிக நாளைத் தின்றது யாருக்கு எத்தனை என்ற இழுபறி. கடைசியில் பாஜகவுக்கு 2 அமைச்சர்கள், அதில் ஒருவர் உள்துறை. மேலே சபாநாயகர் பதவியும்.

கேரளாவில் இந்த இழுபறி குறைவு. 2021-ல் பினராயி விஜயன் அமைச்சரவையில் 21 பேர்: சிபிஎம் 12, சிபிஐ 4, மீதி 5 சின்னக் கட்சிகளுக்கு. வருவாய், வேளாண்மை, உணவு என மக்கள் தினமும் அலையும் துறைகள் சிபிஐ கையில். ஒரே ஒரு எம்எல்ஏ வைத்திருந்த நான்கு கட்சிகளுக்கு இரண்டு நாற்காலிகளை இரண்டரை வருஷம் வீதம் பிரித்தார்கள். சொன்னபடி 2023 டிசம்பரில் இரண்டு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். யாரும் கட்சியைக் கலைக்கவில்லை.

1954 போல ஒரு கட்சி அப்படியே கரைவது இன்று அவ்வளவு ஈஸி இல்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, பதவி போகாமல் இன்னொரு கட்சியில் இணைய மூன்றில் இரண்டு பங்கு எம்எல்ஏக்கள் சம்மதிக்கணும். ஐந்து பேர் இருக்கும் கட்சி என்றால் நான்கு பேர்.