தைத்தால் தப்பில்லை; டாலர் வாங்கினால் வம்பு!

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா புறப்படும் அம்மாக்களின் பெட்டியில் பருப்புப் பொடி, ஊறுகாயோடு ஊசி, நூல், கத்தரிக்கோலும் ஏறிக்கொள்கின்றன. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இருபது வருஷம் தைத்த கை அங்கே போய் சும்மா இருக்குமா?

பேத்திக்குக் கவுன் தைக்கலாம். மகளின் ஜாக்கெட்டைப் பிரித்து அளவு கூட்டலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வம்பு அதற்குப் பிறகுதான். "மாமி, எனக்கும் ரெண்டு ஜாக்கெட் தைச்சுக் கொடுங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் துணியோடு வருவாள். கையில் டாலரைத் திணிப்பாள். வாங்கினால் போச்சு!

'பி-2' விசாவில் போகிறவர்கள் சொந்தபந்தத்தைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம்; கூலிக்கு வேலை செய்யக் கூடாது. பெரும்பாலும் 6 மாதம் வரை தங்க விடுகிறார்கள். வேலை பார்த்தது தெரிந்தால் விசா ரத்தாகலாம், திருப்பி அனுப்பவும் செய்யலாம். அடுத்த பேரன் பிறக்கும்போது போக முடியாமல் போகலாம். சிங்கப்பூரிலும் அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பது குற்றம்தான்.

டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகள் ஸ்வெட்டர், மாத்திரை என்று நூறு விஷயம் சொல்கிறார்கள். இதை மட்டும் சொல்வதில்லை. மாட்டிக்கொண்டு முழிப்பது பாவம், அம்மாதான். முதல் குற்றவாளி பிள்ளைகளே!

பெட்டி கட்டும்போது இன்னொன்று. கத்தரிக்கோல் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போகட்டும். மோட்டார் மிஷினையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நம்மூர் கரண்ட் 230 வோல்ட், அமெரிக்காவில் 120தான்.