18 வயசு... 21 பேட்ஜ்... லேட்டா வந்தவங்க கழுகு ஆகலாமா?

அமெரிக்க சாரணர் இயக்கத்தின் உச்சப் பட்டம், 'ஈகிள் ஸ்கவுட்'. 1912-லிருந்து கொடுக்குறாங்க. ஏழு படிநிலைகள்ல இதுதான் கடைசி. சும்மா கிடைச்சிடாது பாஸ்! 21 பேட்ஜ் வாங்கணும். ஊருக்குப் பயன்படுற ஒரு சேவைத் திட்டத்தை நீங்களே திட்டமிட்டு, மத்தவங்களையும் சேர்த்துக்கிட்டு முடிக்கணும். எல்லாமே 18-வது பிறந்தநாளுக்குள்ள!

சிக்கல் இங்கேதான். 2019 பிப்ரவரியில்தான் பெண்களுக்கு இந்தப் பாதையே திறந்தது. அப்போ 17 வயசுல இருந்தவங்க என்ன பண்ணுவாங்க? 16 வயசைத் தாண்டிப் புதுசா சேர்ந்தவங்க, சேர்ந்த நாளிலிருந்து 24 மாதம் வரை அவகாசம் கேட்கலாம்னு விதியைத் தளர்த்தினாங்க.

'இது சலுகைதானே?'ன்னு உங்களுக்குத் தோணலாம். ஆனா, ஒரு பேட்ஜ்கூட குறைக்கலை. சேவைத் திட்டத்தையும் தள்ளுபடி பண்ணலை. 2021 பிப்ரவரியில், ஏறத்தாழ 1,000 பெண்கள் முதல் அணியாக ஈகிள் ஆனாங்க. 2025-ல் 'பாய் ஸ்கவுட்ஸ்'ங்கிற அமைப்பின் பெயரே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா'ன்னு மாறிடுச்சு.

நேரம் கூட்டிக் கொடுக்குறது வேற, தரத்தைக் குறைக்கிறது வேற. அடுத்த முறை யாரையாவது 'லேட்டா வந்தவங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, கதவை லேட்டா திறந்தது யாருன்னு கேட்டுப் பாருங்க!