தகவலாளரா, நிகழ்த்துநரா? நாட்டார் பாடல் ஒலிப்பதிவும் உரிமைத்தொகையும்

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பது வழக்காற்றியல் பாடநூல்கள் கூறும் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. ஆய்வில் வகைப்பாட்டிற்கு உதவும் இவ்வரையறை, ஒலிப்பதிவு வணிகத்தில் பாடியவரின் பங்கை மறைக்கும் கருவியாகிவிடுகிறது.

இதற்கு அமெரிக்க வரலாறு தெளிவான சான்று தருகிறது. ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானா மாநில அங்கோலா சிறையில் லெட்பெல்லி என்னும் கறுப்பினப் பாடகரைப் பதிவு செய்தனர். அவர் பாடிய 'குட்நைட் ஐரீன்' பாடலின் உரிமையில் சேகரிப்பாளரான ஜான் லோமாக்ஸின் பெயரும் இணையாசிரியராக இடம்பெற்றது. லெட்பெல்லி 1949 டிசம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டே 'வீவர்ஸ்' குழுவின் குரலில் அப்பாடல் பெரும்புகழ் பெற்றது.

தமிழ்ச் சூழலும் இதற்கு விலக்கன்று. ஒப்பாரி மரபின் சாயல் கொண்ட 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்டது. அப்பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பொதுவெளியில் தெரிவித்தார். பெயர்பெற்ற கலைஞர்க்கே இந்நிலை எனில், வேங்கிக்காலைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒப்பாரி பாடுவோர், இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை முதலிய ஊர்களின் கூத்துக் கலைஞர் ஆகியோரின் நிலை எண்ணத்தக்கது.

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பாடகர், இசைஞர் முதல் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அனைவரையும் நிகழ்த்துநர் என ஏற்றது. இவ்வுரிமை இன்று 50 ஆண்டுகள் நீடிக்கிறது. நிகழ்த்துநராகப் பெயர் குறிக்கப்படும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை பெறும் உரிமையையும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே செய்யப்படும் பதிவுகளுக்கு விலக்களிக்கிறது.

ஆய்வாளரின் கடப்பாடு இவ்விலக்கிலிருந்தே தொடங்குகிறது. ஆய்வுக்கெனப் பதிவான குரல் காணொளித் தளத்திற்கோ திரைப்படத்திற்கோ செல்லுமாயின் விலக்கின் அடிப்படை தகர்ந்துவிடும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளராக இடம்பெறுபவர் சட்டத்தின் முன் நிகழ்த்துநர் ஆவார்.

பாடல் சமூகத்தின் பொதுச்சொத்து. அதில் தனியுரிமை பேசுதல் மரபுக்கு முரண் என்பர் சிலர். நிகழ்த்துநர் உரிமையோ பாடலின்மீது அமைவதன்று. ஒருவர் பாடிய அந்நிகழ்வின்மீது அமைவது. அதே பாடலைப் பிறர் பாடுவதை அது தடுப்பதில்லை. எனவே பொதுச்சொத்து என்னும் வாதம் பாடியவருக்குரிய ஊதியத்தை மறுக்கக் காரணமாகாது.

ஆதலின், தமிழ்த்துறைகள் களப்பதிவு ஒவ்வொன்றிலும் பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் பகுதியாகவே பேணுதல் வேண்டும். ஆய்வுப் பயன்பாட்டிற்கு ஓர் இசைவும், பின்னர் வெளியீடு நேரின் அதற்கெனத் தனி இசைவும் பாடுவோர்க்கு விளங்கும் மொழியில் பெறப்படவேண்டும். எழுத்தறியாதவரிடம் அவ்விசைவை அவர் குரலிலேயே பதிவு செய்யலாம். நாட்டார் பாடல்களைக் காப்பது போலவே பாடியோரின் உரிமையைக் காப்பதும் இத்துறையின் பணியேயாகும்.