ஒரே முற்றத்துக்கு அழைக்காத கொடை

மட்டக்களப்பில் மாரி வெள்ளம் வந்தால் நிவாரணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். கிராம சேவகர் பட்டியல் கொடுக்கிறார். தமிழ் ஊரான ஆரையம்பதிக்கு ஒரு லொறி, ஒட்டினாற்போல் இருக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு இன்னொரு லொறி. பொதியைப் பிரித்தால் அதே அரிசி, அதே பருப்பு, அதே சீனி. எவருக்கும் குறை வைக்கவில்லை என்று அறக்கட்டளை அறிக்கை எழுதுகிறது. அது உண்மைதான். ஆனால் பொதியை வாங்கிய இரண்டு ஊர்த் தாய்மாரும் ஒருவரையொருவர் காணாமலே வீடு திரும்புகிறார்கள். சமாதானத்தைத் தன் நோக்கமாக எழுதிவைத்திருக்கும் ஓர் அமைப்பு இதோடு நின்றுவிட்டால், அது பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை என்பதே எமது தீர்ப்பு.

பிட்டும் தேங்காய்ப்பூவும்போல வாழ்ந்தோம் என்று இங்கே பேசாத மேடை இல்லை. கடலோர எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருவது இன்றும் உண்மை. அந்த வாழ்வு உடைந்த ஆண்டு 1990. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் கைக்குழந்தைகளுமாக 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இவற்றுக்கு இடையில், ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் ஹேபர்ட் அடிகளார் தம் ஓட்டுநருடன் காணாமற்போனார். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைத் துறவி அவர். அவருக்கு என்ன நடந்தது என்று அரசு இன்றுவரை பதில் சொல்லவில்லை. அது மன்னிக்க முடியாத மௌனம்.

அவரோடு பணி செய்த மில்லர் அடிகளார் 1948இல் இங்கு வந்தவர். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தபடி, பிள்ளையைத் தேடி வந்த தாய்மார் சொன்ன பெயர்களை எழுதிவைத்தார், முகாம்களுக்குப் போய் விசாரித்தார். 2009இல் தாயகமான அமெரிக்காவுக்குத் திரும்பியவர் அங்கே தங்க மனமில்லாமல் மறுபடியும் வந்து, இந்த மண்ணிலேயே கண்மூடினார். திட்டக் காலம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1996இல் மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் அப்படிப்பட்ட பிடிவாதத்தில் பிறந்ததுதான். போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து அமைத்தார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் வந்தார்கள், வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண் பிசைந்தார்கள், சாயம் பூசினார்கள், கதை கட்டினார்கள், அதையே நாடகமாக ஆடினார்கள். தகப்பன் கொல்லப்பட்டதைக் கண்ட பிள்ளை வாய் திறக்கவேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. ஊக்குநர்களாக நின்றவர்களும் இரு சமூகத்து இளையோரே. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, இது நடந்தது. கோடிகளில் பேசிய பெருந்திட்டங்கள் செய்யத் துணியாததை ஒரு சிறு முற்றம் செய்து காட்டியது.

இதன் அருமை புரிய, நம் பாடசாலைகளைப் பார்க்கவேண்டும். இரு சமூகத்துப் பிள்ளைகளும் தமிழிலேயே படிக்கிறார்கள், பாடப்புத்தகமும் ஒன்றே. ஆனால் பள்ளி வேறு. வலயமும் வேறு: காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றோடொன்று எல்லை தொடாத ஊர்களைச் சேர்த்து மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம் இயங்குகிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு ஒரு நாளும் விளையாடாமலே ஒருவர் உயர்தரம் முடித்துவிடலாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறுப் பாடசாலைச் சிறுவர்கள் பலர் மாண்டபோது, இப்படி ஒருவரையொருவர் அறியாத இரு பக்கமும் அச்சம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை எல்லோரும் கண்டோம்.

கடல்கோள்கூட நம்மை ஒரு மேசைக்குக் கொண்டுவரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் காத்தான்குடியிலும் அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அந்த ஒப்பந்தத்திலும் முஸ்லிம்களுக்குக் கையெழுத்திடும் இடம் கொடுக்கப்படவில்லை. இரண்டுமே தவறு.

போர் முடிந்ததும் வெளிநாட்டுக் கொடையாளர்கள் பலர் வேறு நாடுகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திருவிழாவுக்கும் கோபுரத் திருப்பணிக்கும் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளும், ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் சம்மேளனங்களும், மறைமாவட்டமும் இப்போது கணக்குச் சொல்லவேண்டியவர்கள். அந்தப் பூங்காவைப் போன்ற ஒரு முற்றத்தை நடத்தத் தேவைப்படுவது ஒரு பேருந்து, அதற்கு டீசல், ஊக்குநர்களுக்கு ஒழுங்கான சம்பளம், நிழலுள்ள ஒரு வளவு. இந்தச் செலவை ஒரு சமூகம் மட்டும் ஏற்கக் கூடாது. இரு பக்கத்துப் பணமும் ஒரே கணக்கில் விழவேண்டும், நிர்வாகக் குழுவிலும் இருவரும் சரிசமமாக உட்காரவேண்டும். வரும் தவணையிலேயே, ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் இருந்து முதல் பிள்ளைகள் அழைத்துவரப்படவேண்டும்.