ஆக்டோபஸ் வளர்க்க முடியும், ஆனா வளர்க்கணுமா?

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போனா நாய்க்கும் பூனைக்கும் நடுவுல இப்போ ஆக்டோபஸும் வந்துடுது. ஜாடி மூடியைத் திருகித் திறக்குது, கண்ணாடிக்கு வெளியே நிக்கிற ஆளைப் பாத்து ஓடி வருது. கீழே கமெண்ட்ல "எனக்கும் ஒண்ணு வேணும்". 2024-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒன்பது வயசுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஆக்டோபஸ் ஐம்பது குஞ்சு பொரிச்ச கதை உலகம் முழுக்க வைரல் ஆச்சு. அப்போ வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனா வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

முதல் சிக்கல், வாங்குறது எந்த இனம்னு கண்டுபிடிக்கிறது. கண் இமைக்கிற நேரத்துல நிறத்தையும் தோலோட சொரசொரப்பையும் மாத்துற உயிரினத்தை ஒரு போட்டோவை வச்சு அடையாளம் சொல்ல முடியாது. அமெரிக்காவுல அதிகம் வளர்க்கிறது கலிஃபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ், அதாவது ஆக்டோபஸ் பைமாகுலாய்டஸ். ரெண்டு கண்ணுக்குக் கீழேயும் பக்கத்துக்கு ஒண்ணா நீல வளையப் புள்ளி இருக்கும். அதே மாதிரி புள்ளி பைமாகுலேட்டஸ்ங்கிற அதோட சொந்தக்கார இனத்துக்கும் உண்டு. முட்டை போட்டாத்தான் வித்தியாசம் நல்லா தெரியும். முதல் இனத்துக்கு முட்டை பெருசு, குஞ்சு பொரிஞ்ச உடனே தரையில ஊர்ந்து திரியும். ரெண்டாவதோட குஞ்சுங்க கடல்ல மிதந்து வளரும். வீட்டுத் தொட்டியில அதுங்களைப் பிழைக்க வைக்கிறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இன்னொரு நீலமும் இருக்கு, ஜாக்கிரதை. உடம்பு முழுக்க குட்டிக் குட்டி வளையங்களோட கோல்ஃப் பந்து அளவுல இருக்கிற நீலவளைய ஆக்டோபஸ். அதோட விஷம் டெட்ரோடோடாக்சின். மூச்சு விட உதவுற தசைகளையே முடக்கிடும். மாற்று மருந்து கிடையாது. அது அமைதியா இருக்கும்போது அந்த வளையங்கள் பளிச்சுனு தெரியவும் தெரியாது.

அடுத்தது தொட்டி. ஒரு விலங்குக்கு குறைஞ்சது 200 லிட்டர். உப்புநீரை ஊத்தி மாசக்கணக்குல பாக்டீரியாவை வளர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே விடணும். மீன் நோய்க்குப் போடுற செப்பு மருந்து துளி கலந்தாலும் ஆபத்து. இருபுள்ளிக்கு சுமார் 18 முதல் 22 டிகிரி குளிர்ச்சி வேணும். நம்ம ஊர் மே மாசத்துல அதுக்குன்னே ஒரு சில்லர் ராப்பகலா ஓடணும். கரண்ட் போனா? சாப்பாட்டுக்கு உயிர் நண்டு வேற.

மூடி இல்லைன்னா கதையே வேற. உடம்புல எலும்பே இல்லாததால அலகு நுழையிற ஓட்டை கிடைச்சா போதும், முழு உடம்பும் வெளியே வந்துடும். 2016-ல் நியூசிலாந்தின் தேசிய அக்வேரியத்துலேர்ந்து இங்கி என்ற ஆக்டோபஸ் தரையில ஊர்ந்து, வடிகால் குழாய்க்குள்ள புகுந்து கடலுக்கே போயிடுச்சு. நிபுணர்கள் இருக்கிற இடத்துலயே இந்த நிலைமை.

"அட, இஎஸ்பி32 போர்டு ஒண்ணு, நாலு சென்சார், ஒரு ஆப். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் முடிஞ்சுது"ன்னு நம்ம பசங்க சொல்வாங்க. வெப்பநிலை, உப்பு, பிஹெச் எல்லாத்தையும் அளந்துடலாம். அதுக்கு போர் அடிக்குதான்னு அளக்க சென்சார் எங்கே வாங்குறது?

என் வாதமே இதுதான். சாதாரண ஆக்டோபஸுக்கு சுமார் 50 கோடி நியூரான்கள், அதுல பெரும்பகுதி கைகளில். பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்னு ஏத்துக்குது. வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024-ல் ஆக்டோபஸ் பண்ணைகளையே தடை செஞ்சுடுச்சு. இதோட புத்திசாலித்தனத்தைப் பாத்துத்தான் நாம ஆசைப்படுறோம். அப்புறம் அந்த புத்திக்கு வேலையே இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டியில போட்டு மூடி, மேலே க்ளிப்பும் மாட்டுறோம்.

அதோட ஆயுசே ஒண்ணு ரெண்டு வருஷம். கடல்ல பிடிச்சதா இருந்தா உங்க கைக்கு வரும்போதே பாதி முடிஞ்சிருக்கும். பெண் ஆக்டோபஸ் முட்டை போட்ட பிறகு சாப்பிடுறதை விட்டுட்டு, அதைக் காவல் காத்தே செத்துப்போகும்.

"கணவாய் வறுவல் சாப்பிடுற நீ இதைச் சொல்லலாமா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்காக ஒரு உயிரை வேடிக்கைக்குப் பூட்டி வைக்கிறது சரின்னு ஆயிடாது. "தொட்டியில பிறந்த குஞ்சைத்தானே வாங்குறோம்"னும் சொல்லலாம். கடலுக்கு அது நல்லதுதான். ஆனா பெட்டி அதே பெட்டிதான்.

2021-ல் ஆஸ்கர் வாங்கிய 'மை ஆக்டோபஸ் டீச்சர்' ஆவணப்படத்தைப் பாருங்க. அதுல மனுஷன்தான் தினமும் கடலுக்குள்ள போறார். ஆக்டோபஸ் அதோட பொந்துலயே இருக்கு. அந்த நட்பு எனக்குப் பிடிச்சிருக்கு. தொட்டி வச்சே ஆகணும்னா கப்பி மீனில் ஆரம்பிங்க. இல்லை, ஆக்டோபஸ்தான் வேணும்னு இன்னும் தோணுதா? உங்க பதிலை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க, சண்டை போடுவோம்.